முதுகில் நீலப் பட்டை உள்ள கிட்டார்

ஜூன் 12, 2025, வியாழன்

கல்லூரி திறந்தது. முதல் மணி நேரமே இரண்டாமாண்டு வகுப்பு, அதிர்வுகள் பற்றிய பாடம். கம்பியின் நீளத்தையும் இழுவிசையையும் பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது இடது கையிலிருந்த புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் அதைப் பிடித்திருப்பதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாகர்கோவில் நரம்பு மருத்துவர் ஏப்ரலில் சொன்னதை இன்றுதான் ஏற்றுக்கொண்டேன். முழங்கையில் நரம்பு நசுங்கியிருக்கிறது. அறுவைச் சிகிச்சை செய்தாலும் விரல்களின் பழைய வேகம் திரும்பாது. "எழுதலாம், சாப்பிடலாம், வண்டி ஓட்டலாம் சார்" என்று ஆறுதல் சொன்னார். கிட்டார் வாசிக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் கிட்டாரை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

செசிலியிடம் சொன்னேன். சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நெசமாட்டா சொல்லுதிய?"

ஆமாம் என்றேன்.

"பிறவு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க என்ன செய்விய?"

முப்பது வருட மனைவியின் கேள்வி.

மதியம் அவள் தம்பி பனியடிமை வழக்கம்போல் சாப்பிட வந்தான். திருமணம் செய்துகொள்ளாதவன், ஞாயிறு மதியச் சோறு அக்கா வீட்டில்தான். வள்ளங்களையும் படகுகளையும் பழுது பார்ப்பது அவன் தொழில். மீன்பிடித் தடைக்காலத்தில் குளச்சலில் அவனைவிட வேலை அதிகமுள்ள மனிதன் கிடையாது. முன்கை இரண்டிலும் வள்ளம் ஒட்டுகிற பைபர் இழைத் தூள் அப்பியிருந்தது.

பத்தொன்பது வருடமாக நானும் அவனும் நேருக்கு நேர் ஒரு சொல் பேசியதில்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. குரலை உயர்த்துவதும் கையை ஓங்குவதும் எனக்கு அருவருப்பானவை. எனக்குக் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வேன், அவ்வளவுதான். ஆகவே எங்கள் வீட்டு ஞாயிறு மதியச் சாப்பாடு செசிலி வழியாக நடக்கிறது.

"அக்கா, அத்தானுக்கு மாங்கா போட்ட கொழம்பு பிடிக்குமே. இன்னும் ரெண்டு துண்டம் வையி."

"செசிலி, போதும் என்று சொல்."

"போதுமாம்டே."

அவன் எனக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தான்.

எங்கள் மகள் அபினாவின் முதல் நற்கருணை அன்றும் இப்படித்தான். தாய்மாமன் முறைக்கு வெள்ளை உடுப்பும் மெழுகுதிரியும் தட்டில் வைத்துக் கொண்டுவந்தான். தட்டை இரண்டு கையாலும் வாங்கினேன். வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 16, திங்கள்

காரணத்தை ஒருமுறை முழுமையாக எழுதிவைப்பது நல்லது. விற்ற பிறகு இதை எழுத வேண்டியிருக்காது.

1991-ல் திருச்சியில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். பொன்மலையில் டெரிக் என்று ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் மகளோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறவிருந்தார். அவரிடம் 1962-ல் ஜெர்மனியில் செய்த கிட்டார் ஒன்று இருந்தது. தலையில் பதித்திருந்த பெயரெழுத்துகள் அப்போதே உதிர்ந்துவிட்டிருந்தன. என்னைவிட அதிகம் தர இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். டெரிக் மூவரையும் வாசிக்கச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "கை நடுங்குது மேன். ஆனா அவசரப்படல. எடுத்துட்டுப் போ" என்றார்.

அந்த மனிதருக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்: நன்றி ஐயா.

முப்பத்து நான்கு வருடம். குளச்சலுக்கு அதைக் கொண்டுவந்து, இருபத்தாறு வருடம் ஞாயிறு பூசைக்கு வாசித்தேன். செசிலியை முதன்முதலில் பார்த்தது அதன் தோளுக்கு மேலாகத்தான் — ஒரு கல்யாணப் பூசையில், பெண்கள் பக்கத்து மூன்றாவது வரிசை. என் தகப்பனார் இறந்த வாரம் வீட்டில் யாரும் பேசாமலிருந்தபோது அது மட்டும் பேசியது. இவ்வளவையும் ஒரு மரப்பெட்டியும் ஆறு கம்பிகளும் தந்தன என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

2006 மே மாதம் விடைத்தாள் திருத்தத் திருநெல்வேலிக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் தங்கினேன். திரும்பி வந்தபோது கிட்டாரின் முதுகில், கழுத்துக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலப் பட்டை. வள்ளத்தின் வெளிப்புறத்துக்கு அடிக்கிற அதே நீலம். உள்ளே ரெசின் என்கிற கெட்டிப் பிசினும் பைபரும். பனியடிமை வாசலில் நின்றுகொண்டு சொன்னான்: "அத்தான், நான் எடுத்துப் பாத்தேன், கைதவறிப் போட்டுட்டேன். ஒட்டிக் குடுத்திருக்கேன். வள்ளம் மாதிரி நிக்கும்."

வள்ளம் மாதிரி. நாற்பத்து நான்கு வயதான ஜெர்மானியக் கிட்டாருக்கு வள்ளத்துக்குப் போடுகிற ஒட்டு. பசையால் ஒட்டியிருந்தால் தெரிந்தவர் யாராவது பிரித்துச் சரிசெய்திருக்கலாம். ரெசினைப் பிரிக்க முடியாது. ஒருவன் ஒரு பொருளை உடைப்பது விபத்து. அதைத் தனக்குத் தெரிந்த முறையில் நிரந்தரமாக்கி, அதற்கு வண்ணமும் அடித்துக் கையில் கொடுப்பது ஆணவம். அன்றைக்கு நிறுத்திய பேச்சு.

ஜூன் 18, புதன்

அபினா தோஹாவிலிருந்து வீடியோவில் அழைத்தாள். மருத்துவமனையில் இரவுப் பணி முடித்த களைப்பு. விற்பனைத் தளத்தில் படங்களை ஏற்றித் தருகிறேன் என்றாள். முதுகுப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பியிருந்தேன். மறைத்து விற்பது என் வழக்கம் அல்ல.

"நெசமாவே விக்கணுமாப்பா?"

ஆமாம் என்றேன். எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள்.

ஜூன் 21, சனி

நாகர்கோவிலிலிருந்து வைகுண்டராஜன் என்று ஒருவர் வந்தார். பழைய பொருள்களை வாங்கி விடுதிகளுக்கு விற்பவர். முகப்பலகையைத் தட்டிப் பார்த்து, "நல்ல சரக்கு" என்றார். பிறகு திருப்பினார்.

"சார், இது கிட்டாரா, வள்ளமா?"

பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"பொறத்த நீலம், உள்ள பைபரு. இஞ்சின் மட்டுந்தான் பூட்டல." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "சாரமில்ல சார், நான் எடுத்துக்கிடுதேன். ரிசார்ட்டுல செவுத்துல தூக்கப் போறது. முதுகு செவுத்துப் பக்கந்தானே? ஒருத்தனும் வாசிக்கப் போறதில்ல."

எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சார் ஒண்ணும் சொல்லலியே?" என்று மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறைக்குப் பிறகு புரிந்துகொண்டு போனார்.

அந்த மனிதர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கண்ணில் பட்டதைச் சொன்னார். கண்ணில் படும்படி செய்தவன் வேறு ஆள்.

ஜூன் 22, ஞாயிறு

மதியம் அவன் வந்தான். என் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்ச் சாப்பிட்டேன்.

ஜூன் 28, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலை பத்து மணிக்கு இரணியலிலிருந்து டாக்டர் ரெஜிஷா ஸ்கூட்டரில் வந்தார். பல் மருத்துவர், முப்பத்தைந்து வயதிருக்கும், சொந்தக் கிளினிக். பள்ளிக் காலத்திலிருந்து கிட்டார் வாசிக்கிறாராம். பட்டையைப் படத்திலேயே பார்த்திருக்கிறார். "நீலம் கொள்ளாம் சார், எனக்கு இஷ்டப்பட்டுது" என்றார்.

கையைத் துடைக்க ஒரு துணி கேட்டார். சுருதி கூட்டப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டார். வாசித்தது எளிய ஒரு துண்டு. இரண்டு இடத்தில் பிசகியது. அவசரப்படவில்லை.

டெரிக்கை நினைத்துக்கொண்டேன்.

பிறகு கம்பிகளைத் தளர்த்திவிட்டு, கைப்பையிலிருந்து பல் பார்க்கிற சிறு கண்ணாடியை எடுத்தார். செல்போன் விளக்கை நடுத்துளைக்குள் அடித்து, கண்ணாடியை உள்ளே விட்டு, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சார், கழுத்து உடம்போட சேருத கட்டை இருக்குல்லா, அது மேலேருந்து அடிவரைக்கும் பிளந்து கெடக்கு. வெறும் பசை போட்டு ஒட்டியிருந்தா, இந்தக் கடக்காத்துக்கும் கம்பிக்க இழுப்புக்கும் ஒரு வருசத்துல கழுத்து தனியா கையில வந்திருக்கும். இந்த பைபருதான் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஆரு செய்தா?"

வள்ளம் பழுது பார்க்கிற ஒருவன் என்றேன்.

"அந்த ஆளுக்கு நான் சொன்னதாட்டு ஒரு நேரம் நல்ல சோறு குடுங்க."

நான் இயற்பியல் கற்பிக்கிறவன். ஆறு கம்பிகளின் இழுவிசை ஏறத்தாழ எழுபது கிலோ எடைக்குச் சமம் என்பதை வருடாவருடம் பலகையில் எழுதுகிறேன். அந்தக் கணக்கை என் வீட்டு அலமாரி மேலிருந்த பொருளுக்கு நான் ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை.

கண்ணாடியை வெளியே எடுக்கப் போனவர் நின்றார்.

"ஒரு நிமிசம் சார். இது பெரிய ஆளுக்க கை இல்ல."

கண்ணாடியில் தெரிந்ததைச் செல்போனில் படமெடுத்துக் காட்டினார். ரெசின் காயும் முன் பைபரை அழுத்திப் பிடித்த விரல் தடங்கள். நான்கு விரல், ஒரு பெருவிரல். ஒவ்வொன்றும் நிலக்கடலை அளவு.

"பால்பல்லு விழுந்து முளைக்குத பிராயம். ஏழு, எட்டு. தெனமும் இந்தக் கையத்தான் நான் பிடிச்சு மாத்துதேன், ஊசியப் பாத்ததும் இப்பிடித்தான் வந்து அள்ளிப் பிடிக்கும். வீட்டுல கொச்சுப் பிள்ளைய ஆராவது இருந்துதா சார்?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எதற்கு அந்தப் பதில் என்று அவருக்குப் புரிந்திருக்காது. முடிவைச் சொன்னால் வருவதாகச் சொல்லிப் போனார்.

அவர் போனதும் நடுத்துளையை அளந்தேன். பத்து சென்டிமீட்டர். பனியடிமையின் உள்ளங்கை அதற்குள் நுழையாது.

ஜூன் 29, ஞாயிறு

பூசைக்குப் போகும் முன் 2006-ஆம் வருட நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்து, அப்படியே நகலெடுக்கிறேன்:

"மே 20, சனி. ஊர் திரும்பினேன். பனியடிமை கிட்டாரை நாசம் செய்துவிட்டான். இனி அவனிடம் பேச ஒன்றுமில்லை. அபினாவின் வலது கையில் தடிப்பு, தோல் உரிகிறது. வெயில் என்கிறாள் செசிலி. காலமைன் தடவினேன்."

சில வரிகள். ஒன்றின் கீழ் ஒன்று. நானே எழுதி, நானே படிக்காமல் விட்டது.

குறிப்பேட்டை அடுக்களைக்குக் கொண்டுபோய்ச் செசிலி முன் வைத்தேன். படித்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பமாவது கேட்டியளே" என்றாள்.

பாட்டு டீச்சர் போல விளையாட, அபினா அலமாரி மேலிருந்து கிட்டாரை எடுத்திருக்கிறாள். கழுத்து கட்டில் காலில் மோதியது. பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு மத்தியானம் வரை வெளியே வரவில்லை. பாவாடையை நனைத்துவிட்டாள்.

"அடிப்பேன் என்று பயந்தாளா? நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லையே."

"அடிக்கியதுக்கு ஆரு பயந்தா? 'அப்பா பேசாம இருப்பாவ, அப்பா பேசாம இருப்பாவ'ன்னுல்லா கெடந்து கரஞ்சா. அதுக்கு முந்தின மாசம் பேப்பர்ல மை கொட்டுனதுக்கு நாலு நாளு நீங்க அவகிட்ட மிண்டல. ஓர்மை இருக்கா?"

ஓர்மை இல்லை. அவளுக்கு இருந்திருக்கிறது.

மீன் கொடுக்க வந்த பனியடிமைதான் கட்டிலுக்கு அடியில் தானும் படுத்துக்கொண்டு பிள்ளையிடம் பேசியிருக்கிறான். துளைக்குள் தன் கை போகாததால் ரெசின் தோலைச் சுடாமலிருக்க அவள் கையில் தேங்காய் எண்ணெயைத் தடவி, எங்கே அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான். பிறகு செசிலியிடம்: "நான் போட்டு ஒடச்சேன்னு சொல்லு அக்கா. அத்தான் எங்கிட்ட பேசாட்டா எனக்கென்ன? நான் வள்ளத்துகிட்ட பேசிக்கிடுவேன்."

மதியம் அவன் வந்தபோது நான் வீட்டில் இல்லை. கடற்கரையில் நின்றுகொண்டிருந்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

மூன்று பேர் சேர்ந்து பத்தொன்பது வருடம் என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள். அதுவும் என் வீட்டுக்குள், என் முன்னால், குழம்பு பரிமாறிக்கொண்டு.

ஜூலை 2, புதன்

காலையில் செசிலி டீயை வைத்துவிட்டு நின்றாள். "மூணு நாளாச்சு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியாமலே செய்துகொண்டிருக்கிறேன். மூச்சு விடுவது போல.

முட்டாளாக்கப்பட்டவன் நான் என்று நேற்று எழுதினேன். அந்த வரியை அடித்து நீக்க வேண்டியதில்லை, இருக்கட்டும். நேற்று எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

"டீ நல்லா இருக்கு" என்றேன்.

"சீனியே போடல" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

அபினாவை நானே அழைத்தேன். வழக்கமில்லை என்பதால் பதறிப்போய், "அம்மைக்கு என்னப்பா?" என்றாள். ரெஜிஷா எடுத்த படத்தை அனுப்பினேன். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து வழிந்தது, துடைக்கவில்லை.

"இவ்ளோ சின்னதாவாப்பா இருந்துது எனக்க கை?"

பிறகு சொன்னாள்: "நீலம் நான் சொன்னதுப்பா. மாமன் பலகைக்கு ஒத்த பிரவுன் வாங்கிட்டு வாரேன்னுதான் சொன்னாரு. நாந்தான் நீலம் வேணும்னு அழுதேன். வள்ளத்துக்கு அடிச்ச மிச்சம் டப்பாவுல இருந்துது. நீலம் அடிச்சா அப்பாவுக்குப் பிடிக்கும், கோவப்படமாட்டாங்கன்னு நெனச்சேன்."

பத்தொன்பது வருடமாக நான் அதிகம் வெறுத்த நிறம்.

கிட்டார் உனக்கு வேண்டுமா, அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்ப்பா. வாசிக்கியவங்களுக்குக் குடுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு: "எனக்கு இருபத்தாறு வயசாச்சு. இன்னைக்கும் நான் கூப்பிட்டு, நீங்க போன் எடுக்க ரெண்டு ரிங் கூடிச்சுன்னா நான் என்ன தப்பு செய்தேன்னு எண்ணிப் பாப்பேன். தெரியுமா?"

தெரியாது என்றேன். தெரியாதும்மா, தெரிஞ்சிருக்கணும், எனக்குத் தெரிஞ்சிருக்கணும் — இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள்தான் "செரிப்பா, செரிப்பா" என்று என்னைத் தேற்றினாள். நோயாளிகளிடமும் இப்படித்தான் பேசுவாள் போலும்.

ஜூலை 5, சனி

பனியடிமையின் கொட்டகைக்குப் போனேன். இத்தனை வருடத்தில் முதல்முறை.

கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் அடியில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு முதுகைக் காட்டி நின்றான். பைபரை விரித்து, ரெசினைத் தோய்த்து, காற்றுக்குமிழ் நிற்காதபடி உருளையால் தள்ளித் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுபோனான். ஒரு குமிழுக்காக மூன்று முறை திரும்பி வந்தான். அவன் வேலையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆணவம் என்று எழுதியிருக்கிறேன்.

"கொஞ்சம் பொறு மக்கா, இப்பம் முடிஞ்சிரும்" என்று அவன் சொன்னது கேட்டது. பக்கத்தில் யாருமில்லை. வள்ளத்திடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கூப்பிட வாயைத் திறந்தேன். எப்படித் தொடங்குவது? மன்னிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, அது எழுத்துத் தமிழில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதைப் பேசி நான் கேட்டதில்லை.

அவன் திரும்பும் முன் வந்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

ரெஜிஷாவுக்கு எழுதினேன்: கிட்டார் உங்களுக்குத்தான். ஒரே நிபந்தனை, எந்தக் காலத்திலும் உள்ளிருக்கும் ஒட்டையும் பின்னாலுள்ள நீலத்தையும் எடுக்கக் கூடாது.

பதில் உடனே வந்தது: "நல்லா நிக்குத பல்ல நான் பிடுங்கமாட்டேன் சார்."

ஜூலை 12, சனி

கொடுத்துவிட்டேன். விலை பேச இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. புதுக் கம்பி போட்டு, பலகையைத் துடைத்து வைத்திருந்தேன். துடைக்கும்போது நீலப் பட்டையையும் துடைத்தேன்; இத்தனை வருடமும் அதைச் சுற்றி மட்டும் துடைத்திருக்கிறேன் போலும், துணி கறுத்துவிட்டது.

கடைசியாக ஒருமுறை வாசிக்கிறீர்களா என்று கேட்டார் ரெஜிஷா. வேண்டாம், நீங்கள் வாசியுங்கள் என்றேன். வாசித்தார். சத்தம் நிறைவாக இருந்தது. 2006-க்குப் பிறகு அதன் ஓசை கெட்டுவிட்டது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். கெடவே இல்லை.

ஸ்கூட்டரின் பின்னால் பெட்டியை வைத்துக் கயிற்றால் கட்டினார். முடிச்சு சரியில்லை என்று செசிலி போய் அவிழ்த்து, வலை கட்டுகிற முடிச்சாகப் போட்டுக்கொடுத்தாள். தெரு முனை திரும்பும் வரை நின்றோம்.

எல்லாவற்றுக்கும் நன்றி. ஒட்டியவனுக்கும். அழுத்திப் பிடித்தவளுக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

சாளைக் குழம்பு, மாங்காய் போட்டது. பனியடிமை பன்னிரண்டரைக்கு வந்தான். அலமாரி மேல் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. அபினா அவனிடம் பேசியிருக்கிறாளா, தெரியவில்லை.

உட்கார்ந்தோம். செசிலி அகப்பையை எடுக்க வந்தாள். நான் முந்திக்கொண்டு எடுத்தேன். இடது கையில் சட்டியைப் பிடிக்க முடியாது. அதை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"பனி, ரெண்டு துண்டம் வைக்கட்டா?"

சொல் பாதிதான் வந்தது. ஆனால் அவனுக்குக் கேட்டது. பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. செசிலி தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்ல அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, ஒண்ணு போதும்னு அத்தான்கிட்ட சொல்லு."

செசிலி எதுவும் சொல்லவில்லை. நான் இரண்டு வைத்தேன்.